மூன்றாம் எண் நாளில் மலையேறும் மகனுக்கு

ரவி,

இங்கே யாங்கோனில் நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இளைஞர்களுக்கு அறிவுரையாக ஏதாவது எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். நம் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்து என் பெயரைச் சொல்லக்கூடக் கூசுகிறவள் நான் என்பது செயலாளருக்குத் தெரியும். "எழுதறதுக்கு எழுந்து நிக்க வேணாமேம்மா" என்று சொல்லிச் சிரித்தார். பொதுவாக எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். உழைப்பு, ஒழுக்கம் என்று ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு ஊரில் உள்ள இளைஞர்கள் யாரும் கண்ணில் படவில்லை. நீ ஒருவன்தான் படுகிறாய். ஆகவே உனக்கே எழுதுகிறேன். மலரில் வரட்டும், நாலு பேர் படிக்கட்டும். நீ ஏன் இங்கிருந்து போனாய் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிற பாதி வீடுகளில் ஒரு பிள்ளை அப்படித்தான் போயிருக்கிறான். மலர் அச்சாகி வரும்வரை என்னால் பொறுத்திருக்க முடியாது என்பதால் பக்கங்களைப் படம் எடுத்து உனக்கு முதலில் அனுப்புகிறேன். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். நல்லது. நீ மெதுவாகப் படிப்பதுதான் எனக்கு வேண்டும். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி முடித்துவிடுகிறாய்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். ஜப்பானில் நீ வேலை செய்கிற அந்த விடுதியில் உனக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அந்த நாளில் சமையல் பகுதியின் தலைவர் கென்ஜி உன்னையும் இன்னும் இரண்டு பேரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறார். கயிறு கட்டிக் காவல் போட்ட சறுக்கு மைதானத்துக்கு இல்லை. அதைத் தாண்டி, லிஃப்ட் இல்லாத, யாரும் பார்த்துச் சொல்லாத மலைக்கு. ஸ்கீ பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறி, மேலே போனதும் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குகிறீர்கள். போன மாதம் அப்படிப் போனபோது கென்ஜி வழியில் நின்று மண்வெட்டியால் பனியில் இடுப்பளவு குழி தோண்டினார். குழியின் சுவரில் பனி அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. ஒரு தூணை மட்டும் தனியாக வெட்டி நிறுத்தி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்து, முதலில் மணிக்கட்டால் லேசாகத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு முழங்கையை மடக்கிக் கொஞ்சம் பலமாகத் தட்டத் தொடங்கியதுமே தூணின் மேல்பகுதி அப்படியே மேசை இழுப்பறை போல முன்னால் நழுவி வந்துவிட்டது. கென்ஜி உதட்டைப் பிதுக்கினார். இன்னொருவர், நாம் இறங்கப் போகிற சரிவு வேறு பக்கம் பார்த்தது, அங்கே இப்படி இருக்காது என்றார். கென்ஜி எல்லாரையும் பார்த்து, யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். எல்லாரும் தலையசைத்தார்கள். நீயும் அசைத்தாய்.

இதுவரைகூடப் பரவாயில்லை. அதன் பிறகு ஏறும்போது வரிசையில் கடைசியாக நீ வந்தாய். உன் காலடியில் பனி தொம்மென்று ஒரு சத்தத்தோடு உள்ளே இறங்கியது. உன் பலகை நுனியிலிருந்து ஒரு விரிசல் ஓடியது. முன்னால் போனவர்களுக்குக் கேட்கவில்லை. உனக்கு மட்டும் கேட்டது. நீ என்ன செய்தாய்? ஒன்றும் சொல்லாமல் அவர்கள் பின்னால் ஏறினாய். அவர்களோடு இறங்கினாய். எல்லாரும் நல்லபடியாகக் கீழே வந்து சூடாக நூடுல்ஸ் சாப்பிட்டீர்கள். அதைப் பல நாள் கழித்து, ஒரு வேடிக்கை போல, என்னிடம் சொல்லிச் சிரித்தாய்.

"அந்தச் சத்தம் என்னன்னு உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டேன்.

"தெரியும்மா. அடியில இருக்கிற மெத்துனு ஒரு லேயர் உடையற சத்தம். கோர்ஸ்ல சொன்னாங்க."

"அப்ப ஏன் வாயத் தெறக்கல?"

"ஆனாடேம்மா."

"யாருகிட்ட?"

"கென்ஜி-சான்கிட்டதான். அவரு கார்ல கூட்டிட்டு வந்தாரு. அவரோட பழைய ஸ்கீயைக் குடுத்தாரு. பனியில புதைஞ்சா கண்டுபிடிக்கிற சிக்னல் பெட்டிகூட அவரோடதுதான். புதுவருஷத்துக்கு அவங்க வீட்டுல சூப்புக்குக் கூப்பிட்டாங்க. அவருகிட்டப் போயி, வேணாம், திரும்பலாம்னு எப்படிம்மா சொல்றது? எல்லாரும் அவ்வளவு தூரம் ஏறிட்டாங்க."

"செத்துப் போயிருந்தா?"

"ஒண்ணும் ஆகலையேம்மா!"

நான் போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். உன் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. உன் அப்பா உன்னோடு காரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேசிவிட்டு வந்து, "விடும்மா. ஜப்பான்காரனோட போறான். ஜப்பான்காரன் போல்ட்டுகூடத் தப்பா முடுக்க மாட்டான்" என்றார். இங்கே தாமுவேயில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவருக்கு உலகத்தில் எல்லாமே போல்ட்தான். மலையை எந்தக் கம்பெனி செய்தது என்று கேட்டேன். மின்சாரம் போய்விட்டது. அந்தப் பேச்சும் அதோடு போயிற்று.

மற்றவர்களுக்காக அந்த வார்த்தையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இங்கே பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, ஆனால் மலர் வெளியூருக்கும் போகிறது. ஆனாடே என்று பர்மியர்கள் சொல்வது, அடுத்தவர் மனம் சங்கடப்படுமே என்று நம் வாயையும் கையையும் கட்டிக்கொள்வது. பசித்தாலும் பசிக்கவில்லை என்பது, வலித்தாலும் வலிக்கவில்லை என்பது, நமக்கு நல்லது செய்தவரிடம் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழாமல் போவது. நாம் இங்கே வந்து இத்தனை தலைமுறையில் கட்டிக்கொண்ட உடையும் தின்கிற சோறும் போல இதுவும் நம்முடையதாகிவிட்டது. உனக்கு அதைப் பழக்கியவள் நான்தான். பக்கத்து வீட்டு டா கின் ஒரு காலையில் மீன் சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் கொடுத்தபோது, வயிறு சரியில்லாத நிலையிலும் நீ மூன்றாவது கிண்ணத்தையும் வாங்கிக் குடித்துவிட்டு, புன்னகையோடு கும்பிட்டு, நம் வாசலுக்கு வந்து வாந்தி எடுத்தாய். உன் வாயைத் துடைத்துவிட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளைக்கு மரியாதை தெரியும் என்று நினைத்தேன். மொஹிங்காவுக்கு அந்த மரியாதை சரி. வாந்தி எடுத்தால் தீர்ந்தது. பனிக்குச் சரியில்லை.

பனியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்கலாம். கேட்டும்விட்டாய். "அம்மா, நீ பனியைத் தொட்டதே இல்ல" என்றாய். உண்மைதான். ஆனால் நீ அந்த ஊருக்குப் போன நாளிலிருந்து அந்த மலைப்பகுதியின் பனிச்சரிவு அறிக்கையைத் தினமும் படிக்கிறேன். எங்களை வேலைக்கு ஏற்றிப் போகிற கம்பெனி ஃபெரி வண்டி கியாக்தான் சாலையில் போகிற நேரம் முழுக்க அதுதான் என் வேலை. ஜப்பானிய மொழியிலிருந்து போன் மாற்றித் தருகிற பர்மிய மொழி, குழந்தை பேசுகிற மாதிரி இருக்கும். "காற்று பனியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தது" என்று வரும். ஆனால் புரியும். புதுப்பனி நிறையக் கொட்டினால் ஆபத்து. கொட்டாமலே காற்று ஒரு பக்கத்திலிருந்து வாரி மறுபக்கத்தில் குவித்தாலும் ஆபத்து. வானம் தெளிந்த குளிர் இரவில் பனியின் மேல் இறகு போல முளைக்கிற படிகங்கள் பார்க்க அழகு, அதன் மேல் அடுத்த பனி விழுந்து மூடிவிட்டால் அது வாரக்கணக்கில் உள்ளே ஒளிந்திருக்கும். இதையெல்லாம் படித்துவிட்டு நீ அனுப்புகிற படங்களைப் பார்க்கிறேன். நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உனக்குப் பின்னால் மரங்களில் ஒரு பக்கம் மட்டும் பனி அப்பியிருக்கிறது. அதை நான் கேட்டதற்கு, "அம்மா, போட்டோ நல்லாருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லும்மா" என்று எரிந்து விழுந்தாய். போட்டோ நன்றாகத்தான் இருந்தது. நீ கொஞ்சம் இளைத்திருந்தாய். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதும் தெரிந்தது.

நீங்கள் அந்த மலையில் ஏறிய அன்றைக்கு அறிக்கையில் ஆபத்து எண் மூன்று. நீ அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அஞ்சுல மூணும்மா. பாஸ் மார்க்." நான்கும் ஐந்தும் போட்டிருக்கிற நாளில் நீங்கள் யாரும் போவதில்லை, அது எனக்குத் தெரியும். மலையே உறுமுகிற நாளில் முட்டாளும் வீட்டில் இருப்பான். மூன்று போட்டிருக்கிற நாளில்தான் வானம் நீலமாக இருக்கும், விடுமுறையும் இருக்கும், காரில் இடமும் இருக்கும். ஆட்கள் மாட்டிக்கொள்வது அந்த எண்ணில்தான் என்று அந்த அறிக்கைக்காரர்களே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். மூன்று என்றால் மலை தானாக விழாமல் இருக்கலாம், ஒரு ஆள் மிதித்தால் விழும் என்று அர்த்தம். அந்த ஒரு ஆள் யார் என்பதுதான் என் கவலை.

இப்போது நீ மறந்துபோன ஒன்றை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். உனக்கு அப்போது பத்து வயதிருக்கும். நான் இந்த மீன் குளிர்கிடங்கில் தரம் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. மின்சாரம் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்து, திரும்ப வருவதற்குள் கிடங்கு அறை ஒன்றில் குளிர் குறைந்து மறுபடி ஏறியிருந்தது. நான் வெப்பநிலை பார்க்க உள்ளே போனேன். உறைந்த இறால் கட்டிகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். கீழே இருந்து இரண்டாவது வரிசைக்கு மேலே, கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில், சர்க்கரை தூவினது போல உதிரியாகப் பனிமணிகள் முளைத்திருந்தன. விரலால் தொட்டேன், பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே இருந்த அத்தனையும் கீழே இருந்ததோடு ஒட்டவில்லை, அந்தச் சர்க்கரையின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. லாரி வந்து நிற்கிறது, ஏற்றுகிற பெண்கள் உள்ளே வர வரிசையில் நிற்கிறார்கள். அடுக்கியது மேற்பார்வையாளர் கோ மின். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

மெல்ல, "கோ மின், இது சரியுமோன்னு தோணுது" என்றேன். அவருக்கு முதலில் காதில் விழவேயில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

"அக்கா, நான் எத்தனை வருஷமா அடுக்கறேன்? ஒரு தடவையாவது விழுந்திருக்கா?" என்றார்.

வாதம் செய்ய என்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் செய்தது ஒன்றுதான். போய்க் கதவு நடுவில் நின்றுகொண்டேன். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போக அந்தப் பெண்களுக்கும் ஆனாடே. என்னை நகரச் சொல்லிக் கத்த கோ மின்னுக்கும் ஆனாடே. கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே நான்கு ஆண்களை விட்டு மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி மறுபடி அடுக்கச் சொன்னார். லாரி தாமதம். அத்தனை பேரும் குளிரில் கூடுதலாக நின்றார்கள். இறக்கும்போது ஒரு கட்டிகூட நழுவவில்லை, ரவி. ஒன்றுகூட. அன்றிலிருந்து எனக்கு மா யேகே என்று பெயர், ஐஸ் அக்கா. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு என்னை அப்படித்தான் அறிமுகம் செய்கிறார்கள். "பாத்து அடுக்கு, மா யேகே கதவுல வந்து நின்னுடுவா."

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் இதைச் சொல்லி அழுதேன். நீ வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கி, "அம்மா, அது விழுந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்றாய். உன் அப்பா சிரித்தார். நான் உன்னைத் திட்டினேன். ஆனால் மனசுக்குள், ஆமாம், யாரும் உள்ளே இல்லாத நேரத்தில் விழுந்து தொலைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. நான் சொன்னது சரி என்று எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

உன்னுடைய அந்தக் கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன். நான் அன்றைக்குச் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் போவதில்லை. எச்சரிக்கையாக இருந்தவனுக்குச் சான்று கிடைக்காது. பாதியில் விட்டுத் திரும்பி வந்த மலை விழுந்திருக்குமா என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அதே மாதிரி, நீ இறங்கிய மலை விழாதது நீ சரியாகக் கணித்ததாலா, இல்லை உன் பலகை அந்தப் பலவீனமான இடத்துக்கு ஒரு கை தள்ளிப் போனதாலா என்பதையும் அது சொல்லாது. "ஒண்ணும் ஆகலையேம்மா" என்கிறாயே, கோ மின் சொன்னதும் அதுதான். அது மலையைப் பற்றிய செய்தியே இல்லை. உன்னைப் பற்றிய செய்தி. இவன் அடுத்த தடவையும் வாய் திறக்க மாட்டான் என்கிற செய்தி.

எனக்கு இதில் யார் மேல் எரிச்சல் என்று சொல்லத் தெரியவில்லை. கென்ஜி மேல் இல்லை. அவர் குழி தோண்டினார். தட்டிப் பார்த்தார். யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டார். அதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்வார்? முன்னால் போகிறவருக்குத் தன் காலடி மட்டும்தான் தெரியும். கடைசியில் வருகிறவன் கேட்டதைக் கடைசியில் வருகிறவன்தான் சொல்ல வேண்டும். உன் மௌனத்தை அவர் மௌனம் என்று எடுத்துக்கொள்ளவில்லை, ரவி. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீ சொன்னதாக எடுத்துக்கொண்டார். அவரை நம்பி அவர் மனைவி சூப் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நீ அவருக்குக் காட்டிய மரியாதை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பார். அவர் மனம் நோகக் கூடாது என்று அவரை விரிசல் விட்ட பனியில் நடக்கவிட்டாய்.

மார்ச்சில் பெரிய மலை ஒன்றுக்குப் போகிறோம், கென்ஜி என்னையும் சேர்த்துக்கொண்டார் என்று சொன்னாய். அதைச் சொல்லும்போது போன் வீடியோவில் உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். அந்த ஊரில் தட்டு கழுவ வந்தவனை ஒருவர் தன் ஆளாக நினைத்துக் கூப்பிடுகிறார். அது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் அப்பா, போகாதே என்று சொல்லிப் பார் என்றார். சொல்ல மாட்டேன். சொன்னால் நீ போவாய், என்னிடம் சொல்ல மாட்டாய், எனக்கு அந்த மரங்களின் படமும் வராது. போ. கோர்ஸில் கற்றுக்கொண்டதையெல்லாம் செய். சரிவில் ஒவ்வொருவராக இறங்குங்கள். பெட்டியில் பேட்டரி பார். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால், விரிசல் ஓடினால், தூண் நழுவினால், அது யாருடைய மலையாக இருந்தாலும், எவ்வளவு தூரம் ஏறியிருந்தாலும், வாயைத் திற.

நீ திறக்க மாட்டாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உன் சுபாவம் என் சுபாவம். "எனக்குச் சரியாகப் படவில்லை" என்று உன் பெயரில் உன்னால் சொல்ல முடியாது. எனக்கும் இந்த வயதிலும் முடியவில்லை; கதவில் நிற்கத்தான் முடிகிறது. அதனால் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். என் மேல் பழியைப் போடு. கென்ஜியிடம் இப்படிச் சொல்: "என் அம்மா யாங்கோனில் இருக்கிறாள். பனியைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் தினமும் அறிக்கை படித்துவிட்டு என் உயிரை வாங்குகிறாள். இந்தச் சத்தம் கேட்டால் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்." இதில் யாருடைய கணிப்பையும் நீ குறை சொல்லவில்லை. யார் மனமும் நோகாது. எந்த ஊரிலும் ஒரு பையனுக்கு இப்படி ஒரு அம்மா இருப்பாள் என்று அவர்களுக்குத் தெரியும். சிரிப்பார்கள். இறால் கிடங்கில் வேலை செய்கிற பொம்பளை ஜப்பான் மலைக்குத் தீர்ப்புச் சொல்கிறாள் பார் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பேர் வைத்தால் வைக்கட்டும். எனக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதையே சொல்லிக் கொடு.

சத்தியம் இன்னும் நீ செய்யவில்லை. இதைப் படித்து முடித்ததும் போன் பண்ணிச் செய். பிறகு அந்த மலையில், அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, நீயும் கூடச் சேர்ந்து சிரி. சிரித்துக்கொண்டே திரும்பு. ஏறிய தடத்திலேயே கால் வைத்து இறங்கி வா.

அம்மா